நேச்சுரல் 20 விழுந்தா கதவு திறந்திடுமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுற எல்லாருக்கும் இந்த சீன் பழக்கம்தான். கோட்டைக் காவலன் வழிமறிக்கிறான். ஒருத்தர் "நான் பெர்சுவேஷன் போடுறேன்"னு 20 முகப் பகடையை உருட்டுறார். 20 விழுது. டேபிளே கத்துது. ஆட்டத்தை நடத்துற டிஎம் வேற வழியில்லாம கதவைத் திறந்துடுறார். காவலன்கிட்ட என்ன பேசினீங்க, அவனுக்கு என்ன கிடைச்சுது? யாருக்கும் தெரியாது. இதுக்குப் பேச்சுவார்த்தைன்னு பேர் வைக்காதீங்க, இது லாட்டரி.

பாதித் தப்பு பழைய விதிகளோடது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 'டிப்ளமசி'க்கு அட்டவணையே உண்டு: 35 எடுத்தா பகையாளியும் நண்பனாகிடுவான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் டிஎம் கையேடு கொஞ்சம் உஷார். பகையாளிகிட்ட 20 எடுத்தாலும், தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாத வேலையைத்தான் அவன் செய்வான். நேச்சுரல் 20-ன்னா தானாவே வெற்றிங்கிறதும் அதில் தாக்குதலுக்கு மட்டும்தான். நம்ம டேபிள்ல இதை யார் படிக்கிறா?

நிஜப் பேச்சுவார்த்தை எப்படி இருக்கும்னு பார்க்க நாம ரொம்ப தூரம் போக வேண்டாம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கலந்துகொண்டார்கள். சம்பள உயர்வோடு, சிஐடியு சார்பான தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரமும் கேட்டார்கள். அமைச்சர்கள் நடுவில் வந்து பேசினார்கள். அக்டோபர் 7-இல் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரோடு நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது. மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அதில் இருந்தது. போராட்டம் நிற்கவில்லை. அரசு முன்னிலையில் பேசி அக்டோபர் 15-இல்தான் முடிந்தது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்.

யார் பக்கம் நியாயம்னு இங்கே தீர்ப்பு சொல்லலை. ஒண்ணு மட்டும் கவனிங்க: ஒருத்தர் அங்கீகாரம் கேட்கும்போது பணத்தை மட்டும் நீட்டினா, எவ்வளவு அழகாப் பேசினாலும் பேச்சு முடியாது. ஒரே உருட்டலில் தீர்கிற விஷயமும் இல்லை அது.

அதனால பகடையை எடுக்கும் முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எதிர்ல இருக்கிறவனுக்கு என்ன வேணும்? சரின்னு சொன்னா அவனுக்கு என்ன போகும்? நீங்க என்ன தர்றீங்க? பதில் பொருந்தினா டிஎம் இலக்கு எண்ணைக் குறைக்கட்டும், பொருந்தலைன்னா ஏத்தட்டும். பகடையில் தோத்தா கதையை மூடிடாதீங்க. அவன் கேட்கிற விலை ஏறட்டும், பேச்சு அடுத்த சுற்றுக்குப் போகட்டும்.

"அப்போ பேசக் கூச்சப்படுறவன் என்ன பண்ணுவான்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. கோடாரி வீரனா ஆடுறவனை நாம டம்பெல் தூக்கச் சொல்றதில்லையே! அதே மாதிரி பேச்சுத் திறமைக்கு மார்க் போடக் கூடாது. "காவலனோட தம்பி சிறையில் இருக்கான்ல, அவனை விடுவிக்க உதவுறேன்னு என் கேரக்டர் சொல்லுது"ன்னு ஒரே வரியில், தலையைக் குனிஞ்சபடியே சொன்னாலும் போதும். யோசனைக்குத்தான் மதிப்பு. மீதியைக் கேரக்டர் ஷீட்ல இருக்கிற கரிஸ்மா பார்த்துக்கும்.

இது வெறும் கேம் விஷயம் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள்ல நம்மில் பலர் டிரெய்னியா, சூப்பர்வைசரா, எச்ஆரா போய் உட்காரப் போறோம். ஷிப்ட் மாத்தணும், லீவு வேணும், சம்பளம் பத்தலைன்னு ஒருத்தர் எதிர்ல நிப்பார். சில நாள் அங்கே நிக்கிறது நாமளாவே இருப்போம். எதிராளிக்கு உண்மையில் என்ன வேணும்னு கேட்கிற பழக்கத்தை இந்த சனிக்கிழமை டேபிள்லயே ஆரம்பிக்கலாம். அங்கே தோத்தா போறது ஒரு கற்பனைக் கோட்டைதான்.