நிலாவுக்குப் போனா எடை குறையும்... தொப்பை குறையுமா?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் சித்தி பொண்ணுக்கு அறிவியல் தேர்வில் ஒரு மார்க் போய்விட்டது. '42 கிலோ நிறையுள்ள மாணவியின் எடை என்ன?' என்ற கேள்விக்கு, '42 கிலோ' என்று எழுதியிருக்கிறாள். "மெஷின்ல ஏறி நின்னா அப்படித்தானே அக்கா காட்டுது?" என்று என்னிடம் சண்டை. நியாயமான சண்டைதான்!

நிறை என்பது நம் உடலில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதன் அளவு. இதன் அலகு கிலோகிராம். அந்தப் பொருளைப் பூமி எவ்வளவு விசையுடன் இழுக்கிறதோ, அதுதான் எடை. இதன் அலகு நியூட்டன். நிறையை 9.8-ஆல் பெருக்கினால் எடை கிடைக்கும். ஆக, அவள் எழுதியிருக்க வேண்டிய விடை சுமார் 412 நியூட்டன்.

அப்படியென்றால் மெஷின் பொய் சொல்கிறதா? இல்லை. நம் பாதம் அழுத்தும் விசை மட்டும்தான் அதற்குத் தெரியும். பூமியில் இருக்கிறோம் என்று நம்பி, அதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். அதே மெஷின் அங்கே சுமார் 7 கிலோ காட்டும். ஆனால், சுடிதார் ஒரு இன்ச்கூட லூஸாகாது!

பூமியிலேயே இந்தச் சிக்கல் உண்டு. நிலநடுக்கோட்டைவிட துருவத்தில் ஈர்ப்பு அரை சதவிகிதம் அதிகம். நிலநடுக்கோட்டில் சரிபார்த்த எலெக்ட்ரானிக் தராசில் 1 கிலோ தங்கத்தைத் துருவத்தில் வைத்தால், சுமார் 5 கிராம் கூடுதலாகக் காட்டும். அதனால்தான் துல்லியமான தராசுகளை, பயன்படுத்தும் இடத்திலேயே எடைக்கல் வைத்துச் சரிபார்க்கிறார்கள். பழைய தட்டுத் தராசுக்கு இந்தக் கவலை இல்லை. எங்கே போனாலும் இரண்டு தட்டுகளையும் ஒரே மாதிரிதானே ஈர்ப்பு இழுக்கும்?

விண்வெளி நிலையத்தில் மெஷின் பூஜ்ஜியம் காட்டும். ஆனால், வீரர்களின் தசையும் எலும்பும் தேய்கிறதா என்று கவனித்தே ஆக வேண்டும். 1973-ல் ஏவப்பட்ட ஸ்கைலேப் நிலையத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஸ்பிரிங் பொருத்திய நாற்காலி. நிறை கூடினால் அது மெதுவாக ஆடும், குறைந்தால் வேகமாக ஆடும். ஆடும் நேரத்தை வைத்தே நிறையைக் கணக்கிட்டார்கள்.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: நாங்கள் 'நிறை' என்பது உங்கள் பாடநூலில் 'திணிவு'. எங்கள் 'எடை'தான் உங்கள் 'நிறை'!

எல்லாம் கேட்டுவிட்டு சித்தி பொண்ணு சொன்னாள்: "அப்போ நீ டயட் இருக்கிறது நிறையைக் குறைக்கத்தானா?"

ஆமாம் தாயே. எடை மட்டும் குறைய நிலாவுக்குப் போனால் போதும். நிறை குறைய, நைட்டு பரோட்டாவை விட்டால்தான் உண்டு.