இரண்டு தடவை பெரட்டு

ஜாசின் பக்கத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் ஒரு தடவைதான் பேர் கூப்பிடுவார்கள். மரத்துக்கு மரம் போய்க் கூப்பிட்டால் பால் எப்போது எடுப்பது?

இணையத்தில் வானொலி கேட்பவர்களுக்குப் பாட்டுப் பட்டியலைத் தரும் சர்வரும் அப்படித்தான். ஆள் வர வரப் பட்டியலைப் புதிதாகப் படித்தால் தீபாவளிக் காலையில் திணறிவிடும். கிளம்பும்போதே ஏற்றி வைக்க வேண்டும்.

ஆனால் 1995இல் வந்த அப்பாச்சி சர்வருக்கு ஒரு விநோதப் பழக்கம். கிளம்பும்போது அமைப்புக் கோப்பை இரண்டு தடவை படிக்கும்! முதல் தடவை சரிபார்க்க மட்டும். அப்போது ஏற்றியதெல்லாம் அழிந்துவிடும். அதற்குச் சொந்தமாக மாட்யூல் எழுதும் தம்பி தங்கைகளே, முதல் சுற்றில் ‘புரோசஸ் பூல்’ என்ற இடத்தில் ஓர் அடையாளம் மட்டும் வையுங்கள். சர்வர் ஓடும்வரை அது அழியாது. அடையாளம் இருந்தால் இரண்டாம் சுற்று என்று தெரியும்; அப்போது பட்டியலை ஏற்றுங்கள். டேட்டாபேஸ் இணைப்பை அங்கே திறக்காதீர்கள். வெட்டுக்காரருக்கு ஆளுக்கொரு வாளி மாதிரி, பிறகு பிறக்கும் ஒவ்வொரு பிள்ளை புரோசஸும் அதைத் தனியாகத் திறந்துகொள்ளும்படி எழுதுங்கள்.