சிப்பியின் சாட்சியம்

"கடல் பெரிது, எதனைக் கொட்டினாலும் கரைந்துபோம்" என்பது இலாபவேட்டையாளரின் வேதாந்தம். கடலின் எல்லையின்மையைப் பாடிக் களிக்கும் நம் எழுத்தாளர் சிலரும் அறிந்தோ அறியாமலோ இதற்குத் தலையாட்டுகின்றனர். அவர்கள் கடலடியிற் கிடக்கும் சிப்பியை ஒருமுறை உற்றுநோக்குவாராக.

கப்பலின் அடிப்புறத்திலே பாசியும் ஓட்டுயிர்களும் படிந்தால் வேகம் குன்றும். எரிபொருட் செலவு ஏறும். இதனைத் தடுக்க, 1960களில் வெள்ளீயச் சேர்வையொன்று கலந்த பூச்சு சந்தைக்கு வந்தது. ரீ.பீ.ரீ. எனச் சுருக்கி வழங்கப்படும் அந்நஞ்சை மெல்ல மெல்ல நீரிற் கசியவிடுவதே அப்பூச்சின் தொழில்.

1970களின் பிற்பகுதியில், பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவிலே சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்தவற்றின் ஓடுகளோ தடித்து உருத்திரிந்தன. சிப்பி வளர்த்துச் சீவித்தோரின் வாழ்வு நிலைகுலைந்தது. 1982இல், 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளுக்கு அப்பூச்சு தடைசெய்யப்பட்டது. குஞ்சுகள் மீண்டும் பிழைத்தன. இதனினுந் தெளிந்த சாட்சியம் வேறு யாது?

இங்கிலாந்தின் பிளிமத் கரையில் நிகழ்ந்தது இன்னுங் கொடிது. அங்குள்ள ஒருவகைக் கடல் நத்தையின் பெண்ணினத்தில் ஆணுறுப்பு முளைத்தது. அது முட்டை வெளிவரும் வழியை அடைக்கவே, இனப்பெருக்கம் அற்றது. இதனைத் தொடக்கிவைக்க, ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு நஞ்சே போதும். 'கரைந்துபோம்' என்ற வேதாந்தம் இங்கே பொய்த்தது.

ஆயினும், பிரான்சும் 1987இல் பிரித்தானியாவும் விதித்த தடைகள் சிறு படகுகளையே பிடித்தன. பெருங் கப்பல்கள் பொதுவில் விலக்குப் பெற்றன. அவற்றுக்கும் தடைவிதிக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு, 2008இலேதான் நடைமுறைக்கு வந்தது. ஆர்க்கஷோன் சிப்பி சாட்சி கூறி இருபத்தாறு ஆண்டுகள்! எரிபொருள் மிச்சமாகிறதே என்றனர். மிச்சம் உண்மையே, அது சென்றடைந்தது எவர் பையை? இழப்பைச் சுமந்தவர் எவர்? துறைமுகச் சேற்றிலே படிந்த நஞ்சு ஆண்டுக்கணக்கில் நின்று கொல்வது. அதற்கு விலை குறித்த கணக்கேடு எது?

விஞ்ஞானம் வாய்திறக்கத் தவறவில்லை. அதன் சொல்லை ஆதாயம் காத்திருக்க வைத்தது. புதிய பொருளொன்று தீங்கற்றதென நிறுவும் பொறுப்பு அதனை விற்பவனுடையதாதல் வேண்டும். தீங்குற்றோரே அதனை நிரூபிக்கட்டும் என்பது நீதியன்று. மாணவருக்கு இரசாயனத்தைக் கற்பிக்கும் நாம், இந்த நீதியையும் சேர்த்தே கற்பிப்போமாக. ஊமைச் சிப்பி தன் ஓட்டினால் சாட்சி கூறிற்று. வாயுள்ள நாம் வாளாவிருத்தல் தகுமோ?