வேலையற்ற வாலிபரும் காடேறிய நிலமும்

கொழுந்தெடுக்க ஆளில்லை என்று தோட்டத் துரைமார் முறையிடுகின்றனர். அதே தோட்டத்து லயங்களில், அட்டனிலும் நுவரெலியாவிலும், பரீட்சை தேறிய வாலிபர் வேலையின்றி இருக்கின்றனர். படிப்பினால் வந்த சோம்பல் இது என்று பழி கூறுவோரும் உளர். அப்பழியை நாம் ஒப்புவதற்கில்லை.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் தலை எண்ணிப் பங்கிட்டது. எஞ்சியோரின் உரிமை 2003இல்தான் சட்டப்படி தீர்ந்தது. தந்தைக்கு நாடில்லை என்றனர். மகனுக்கு வேலையில்லை என்கின்றனர். தோட்டப் பாடசாலைகள் 1977 முதல் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தபின் படிப்புப் பரவிற்று, உத்தியோகம் பரவவில்லை. ஆசிரிய நியமனம் ஒன்றே வாசலாயிற்று. அதில் நுழைய இயலாதவன் கொழும்புக் கடைச் சிப்பந்தியாகிறான். அவன் தங்கை ஆடைத் தொழிற்சாலைக்கோ அரபு நாட்டுக்கோ போகிறாள்.

பின்தங்கிய தாயின் நிலை என்ன? முதுகு வளைந்த பின்னும் கூடையை இறக்க அஞ்சுகிறாள். செக்ரோலில் பெயர் நீங்கினால் காம்பராவும் போய்விடுமோ என்ற அச்சம். வீட்டை வேலையோடு பிணைத்த இந்த முடிச்சே மலையகத்தின் பெருந்துன்பம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது, பின்னரும் உயர்ந்தது. ஆயினும் எடை நிறையாத நாளில் அரைப்பேர் விழும் தொழிலுக்குப் படித்தவனை அழைப்பது எங்ஙனம்?

நிலம் இல்லையா? 1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. உடைமை இன்றும் அரசினுடையதே. அதில் பயிரின்றிக் காடேறிய பகுதிகள் பல. காலி, மாத்தறைப் பக்கம் சென்று பாருங்கள்: சொந்தக் காணியில் தேயிலை நட்ட சிறு விவசாயிகள் எத்தனை பேர்! இந்நாட்டுத் தேயிலையில் பெரும்பகுதி இன்று சிற்றுடைமையாளர் கையினின்றே வருகிறது. நம் வாலிபர்க்கு அக்கை இல்லையா? காணியின்றேல் கை என் செய்யும்?

கம்பனிகள் சில, தேயிலைப் பாத்திகளைக் குடும்பங்களுக்குப் பிரித்து விட்டுள்ளன. உறுதிப் பத்திரம் இல்லாத பாத்தியை வங்கி ஈடாக ஏற்காது. ஆகவே உரத்திற்குக் கடனும் பிறவாது. குத்தகைக்காரனாயிருந்து கூலிக்காரன் கவலையைச் சுமப்பதே மிச்சம்.

தேயிலையானால் தேயிலை; நுவரெலியா மண்ணுக்கு உகந்த லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கானால் அவை. தீர்மானிப்பவன் பயிரிடுபவனாகட்டும். வீட்டுக்கென ஏழு பேர்ச் காணி கேட்டு நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் வாதாடியது நன்றே. காடேறிய நிலத்தில் உழைக்க விரும்பும் வாலிபன் ஒவ்வொருவனுக்கும் உறுதியுடன் அரை ஏக்கர் வேண்டுமென்று அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் அவர்கள் கேட்பார்களா?