விசில் இல்லை, அம்பயர் இல்லை... நடுக்கடலில் ஒரு போட்டி நடப்பது எப்படி?

கோடை விடுமுறைக்குப் பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று வீட்டில் பட்டியல் போடும்போது நீச்சல் வரும், கராத்தே வரும், செஸ் கட்டாயம் வரும். பாய்மரப் படகு வராது. ஆனால், 2009-ல் தமிழ்நாடு செய்லிங் சங்கம் நடத்திய கோடை முகாமில்தான் சென்னைப் பள்ளி மாணவி நேத்ரா குமணன் முதன்முதலாகப் படகில் ஏறினார். 2021-ல் டோக்கியோ போனார். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அதன்பிறகு பாரிஸுக்கும் போய்வந்தார்.

அவர் பெயர் நமக்குத் தெரியும். அவர் ஆடும் ஆட்டத்தின் விதி மட்டும் தெரியாது. கரையில் நின்று பார்த்தால் இன்னும் குழப்பம். பத்து இருபது படகுகள் ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருக்கும். யார் முதல், யார் கடைசி என்றே பிடிபடாது. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் காற்று. பாய்மரப் படகு காற்றுக்கு எதிரே நேராகப் போகாது. வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் எனக் குறுக்கும் நெடுக்குமாகத்தான் ஏற வேண்டும். அதனால்தான் ஆளுக்கொரு திசை. கிளப் போட்டிகளில் பெரும்பாலும் முதல் மிதவையைக் காற்று வரும் திசையில் போடுவார்கள். அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். காற்று திசை மாறினால் மிதவையையும் இடம் மாற்ற வேண்டும். போட்டியை நடத்துகிற ரேஸ் ஆபீசர் நங்கூரம் போட்ட கமிட்டி படகில் உட்கார்ந்துகொண்டு, கொடியையும் காற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

அடுத்தது ஸ்டார்ட். எனக்கு இந்த விளையாட்டிலேயே பிடித்த இடம் இது. ஓட்டப்பந்தயத்தில் கோட்டில் கால் வைத்து நிற்கலாம். படகை அப்படி நிறுத்த முடியாதே! கமிட்டி படகில் உள்ள ஆரஞ்சுக் கொடிக்கும் தூரத்தில் மிதக்கும் ஒரு மிதவைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. அதுதான் ஸ்டார்ட் லைன். ஐந்து நிமிடம் இருக்கும்போது முதல் கொடி ஏறும், ஒரு ஹாரன். நான்கு நிமிடத்தில் இரண்டாவது கொடி. ஒரு நிமிடம் இருக்கும்போது அந்த இரண்டாவது கொடி இறங்கும், நீண்ட ஹாரன். சுழியத்தில் முதல் கொடியும் இறங்கினால் ஸ்டார்ட். இத்தனை நேரமும் படகுகள் கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். சரியாக அந்த நொடியில், முழு வேகத்தில் கோட்டைத் தொடுகிறவர்தான் கெட்டிக்காரர்.

ஹாரன் கேட்கவில்லை என்று சாக்கு சொல்ல முடியாது. நேரம் கொடியை வைத்துத்தான், சத்தத்தை வைத்து அல்ல. சத்தமே வராமல் போனாலும் அதைக் கணக்கில் எடுக்காதே என்கிறது விதி. கடல் காற்றில் சத்தம் எந்தப் பக்கம் போகும் என்று யார் கண்டது?

முந்திவிட்டால்? வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடி ஏறும், ஒரு ஹாரன் அடிக்கும். முந்தியவர் திரும்பி வந்து, கோட்டுக்கு முழுசாகப் பின்னால் போய், மறுபடி கிளம்ப வேண்டும். யார் யார் என்றே தெரியாதபடி ஒரு கும்பலே முந்தியிருந்தால் எல்லோரையும் திருப்பி அழைப்பார்கள். அப்படியும் அடங்காத கூட்டத்துக்குத்தான் கறுப்புக் கொடி. அது ஏறியிருக்கும்போது, கடைசி ஒரு நிமிடத்தில், கோட்டின் இரு முனைகளையும் முதல் மிதவையையும் இணைக்கும் முக்கோணத்துக்குள் இருப்பதாக அடையாளம் காணப்பட்டால் விசாரணையே இல்லாமல் வெளியே. ஸ்டார்ட்டை மறுபடி எடுத்தாலும் அவருக்கு அந்த ரேஸ் கிடையாது. ஹெட்மாஸ்டர் பிரம்பை மேஜை மேல் வைப்பதுபோலத்தான். வைத்தாலே வகுப்பு அமைதியாகிவிடும்.

கிளம்பிய பிறகுதான் உண்மையான கேள்வி. இரண்டு படகுகள் மோதப் போகின்றன. யார் ஒதுங்குவது? மூன்று விதிகளைத் தெரிந்துகொண்டால் பாதி ஆட்டம் புரியும். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து வாங்கும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கக் காற்றில் அருகருகே போனால், காற்று வரும் பக்கம் இருக்கும் படகு ஒதுங்க வேண்டும். பின்னால் வரும் படகு முன்னால் போகிறதை இடிக்கக் கூடாது. கடலில் "ஸ்டார்போர்டு!" என்று ஒரு பிள்ளை கத்துவது கேட்டால், 'என் வலப்பக்கம் காற்று, நீ ஒதுங்கு' என்று அர்த்தம். மிதவைக்கு அருகே தனி விதி. படகின் நீளத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் வந்துவிட்டால், உள்பக்கம் இருப்பவருக்குப் பொதுவாக இடம் கொடுக்க வேண்டும். 15 வயது வரையுள்ள பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகு சுமார் 2.3 மீட்டர். அப்படியென்றால் ஏழு மீட்டர் வட்டம். அதற்குள் ஐந்தாறு படகுகள் ஒன்றாகப் போய்ச் சேரும்போது எழும் சத்தத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

சரி, ஒதுங்க வேண்டியவர் ஒதுங்கவில்லை. விசில் ஊதுவது யார்?

யாரும் இல்லை. பெரிய போட்டிகளில், உடம்பை ஆட்டிப் படகைத் தள்ளுகிறார்களா என்று பார்க்க ஜட்ஜ் படகு சுற்றும். இருவர் மட்டும் மோதும் போட்டியிலும், அணிகளாக மோதும் போட்டியிலும் அம்பயர்கள் பின்னாலேயே வருவார்கள். சாதாரண கிளப் போட்டியில் அதெல்லாம் கிடையாது. தப்பு செய்தவர் தானே உணர்ந்து, மற்றவர்களைவிட்டு விலகிப் போய், அங்கேயே ஒரே பக்கமாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. யாருக்காவது அடிபட்டிருந்தாலோ, பெரிய சேதம் ஆகியிருந்தாலோ சுற்றெல்லாம் போதாது, போட்டியிலிருந்தே விலக வேண்டும். உலக செய்லிங் அமைப்பு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விதிப் புத்தகத்தில் (இப்போது இருப்பது 2025 - 2028 பதிப்பு) எண் போட்ட விதிகள் தொடங்குவதற்கு முன்பே இதை அடிப்படைக் கொள்கையாக எழுதிவைத்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை, கரையிலிருந்து யாருக்கும் தெரியாத இடத்தில், முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது தானாகவே இரண்டு சுற்று சுற்றுகிறது. இதைவிடப் பெரிய பயிற்சியை எந்த கேம்ப் தரும் என்று எனக்குத் தெரியவில்லை.

'நான் தப்பே செய்யவில்லை' என்று சாதிக்கிறவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவர் அந்த இடத்திலேயே "ப்ரொட்டெஸ்ட்!" என்று கத்த வேண்டும். ஆறு மீட்டருக்குக் குறையாத படகாக இருந்தால் சிவப்புக் கொடியும் காட்ட வேண்டும். கரைக்கு வந்ததும் எழுத்தில் புகார். பிறகு விசாரணை. மேஜை மேல் பொம்மைப் படகுகளை நகர்த்தி 'நான் இங்கே, அவன் அங்கே' என்று இரு தரப்பும் சொல்ல வேண்டும். சாட்சி வரும், குறுக்கு விசாரணை வரும். தோற்றால் அந்த ரேஸில் தகுதி நீக்கம். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2 என்று போகும் கணக்கில் குறைந்த புள்ளிதான் ஜெயிக்கும். 20 படகுகள் பதிவான தொடரில் தகுதி நீக்கம் என்றால் 21 புள்ளி. ஒரு மோசமான ரேஸைக் கழித்துக்கொள்ளலாம் என்பது மட்டும் ஆறுதல்.

இப்போது அப்பா, அம்மாக்கள் கவனிக்க வேண்டிய இடம். போட்டியாளரின் பெற்றோரும் இந்த விதிப் புத்தகத்துக்குள் வருகிறார்கள். 'துணை நபர்' என்பதற்கான விளக்கத்திலேயே பெற்றோர் என்ற சொல் இருக்கிறது. ரேஸ் நடக்கும்போது தனிப்படகில் போய், "கண்ணா, இடப்பக்கம் காற்று நல்லா இருக்கு, அங்கே போ" என்று கத்தினால் அது வெளி உதவி. விதிமீறல். அதற்கான தண்டனை பிள்ளையின் படகு மேலும் விழலாம். ப்ரொட்டெஸ்ட் விசாரணைக் குழுவிலும் தன் பிள்ளையின் வழக்கில் பெற்றோர் உட்கார முடியாது.

உதவியே கூடாதா என்றால், ஆபத்தில் இருப்பவருக்குக் கட்டாயம் செய்ய வேண்டும். முடிந்த உதவியையெல்லாம் செய்ய வேண்டும் என்பது புத்தகத்தின் முதல் விதி. 1988 சியோல் ஒலிம்பிக்கில், பூசான் கடலில், கனடாவின் லாரன்ஸ் லெமியூ ஒரு ரேஸில் இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தார். காற்று திடீரென வலுத்தது. வேறு பிரிவில் போட்டியிட்ட சிங்கப்பூர் படகு கவிழ்ந்து இருவர் தண்ணீரில் கிடந்தார்கள். லெமியூ பாதையைவிட்டுப் போய் அவர்களைத் தூக்கினார். மீட்புப் படகு வரும்வரை காத்திருந்தார். அதற்குள் பல படகுகள் அவரைத் தாண்டிவிட்டன. பின்னர் நடுவர் குழு அந்த ரேஸில் அவருக்கு இரண்டாம் இடத்தையே திருப்பிக் கொடுத்தது. அது சலுகை அல்ல. உதவப் போய் இடத்தை இழந்தவருக்கு ஈடு செய்யும் வழி விதியிலேயே இருக்கிறது. மெடல் கிடைக்கவில்லை. ஆனால், ஒலிம்பிக் கமிட்டி அவருக்கு பியர் தெ கூபர்த்தென் பதக்கம் வழங்கியது.

பாதுகாப்புக்கும் கொடிகள் இருக்கின்றன. சிவப்பு வெள்ளைப் பட்டைக் கொடி ஏறினால் ஸ்டார்ட் தள்ளிவைப்பு. நீலம் வெள்ளைக் கட்டம் போட்டது ஏறினால் ரேஸ் கைவிடப்பட்டது. மஞ்சளில் சிவப்புச் சாய்கோடு போட்டது லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்பதற்கு. இத்தனைக்குப் பிறகும், கடலுக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவு அந்தந்தப் படகின் பொறுப்பு என்கிறது விதி. பெரியவர்களுக்குச் சரி. எட்டு வயதுப் பிள்ளை தானே முடிவு எடுக்குமா? அங்கேதான் பயிற்சியாளரும் ரேஸ் ஆபீசரும் நீங்களும் வருகிறீர்கள்.

பிள்ளைகள் போட்டிகள் பலவற்றில் டோக்கன் முறை உண்டு. கடலுக்குப் போகும்போது பலகையிலிருந்து உங்கள் பிள்ளை தன் எண்ணை எடுத்துக்கொண்டு போகும். திரும்பியதும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். மாட்ட மறந்தால் தண்டனைப் புள்ளிகூட உண்டு. பரிசளிப்புக்கு மேடை தயாராக இருந்தாலும், ஒரு ஆணி காலியாக இருந்தால் மீட்புப் படகு மறுபடி கடலுக்குப் போகும். கேம்ப்பில் பணம் கட்டும் முன்பு அந்தப் பலகை எங்கே என்று கேளுங்கள். மீட்புப் படகு எத்தனை, அதை ஓட்டுவது யார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.