இல்லமும் கைப்பணியும்: சக்கர நட்டும் மின்கருவியும்



நாகப்பட்டினம் பகுதியில் வாழும், பணி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் துபாயில் வேலை பார்க்கிறார். அடுத்த விடுமுறைக்கு வரும்போது, “அப்பா, வண்டி வேலைக்கு என்னென்ன மின்கருவி வேண்டும்? சொல்லுங்கள், வாங்கி வருகிறேன்” என்று கேட்டாராம். அன்பரும் நட்டுகளை அவிழ்க்கும் இம்பாக்ட் ரெஞ்ச், துளையிடும் கருவி, வெட்டும் கிரைண்டர், பாலிஷ் போடும் கருவி, டயருக்குக் காற்றடிக்கும் கருவி என ஐந்தைக் குறித்து வைத்துக்கொண்டு, எதை முதலில் வாங்குவது என்று நம்மைக் கேட்கிறார்.

இந்த ஆசை அவருக்கு எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மகள் வீட்டிலிருந்து இரவில் திரும்பும்போது வழியில் ஒரு டயர் பஞ்சராகிவிட்டது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கியும் இருந்தது, வண்டியோடு வந்த எல் வடிவ ஸ்பானரும் இருந்தது. நட்டுதான் அசையவில்லை. அன்பர் ஸ்பானரின் மீது ஏறி நின்றே பார்த்திருக்கிறார். அது வழுக்கியதில் முழங்காலில் நல்ல அடி. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் துணைவியாரும் அவரும் ஒரு மணி நேரம் நின்றிருக்கின்றனர். பின்னர் அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தி, நீண்ட இரும்புக் குழாயொன்றை ஸ்பானரில் செருகி, நான்கு நட்டுகளையும் அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார். “இனி இப்படி நிற்கக்கூடாது. அதற்காகவே இயந்திரம் வாங்க எண்ணினேன்” என்று முடிக்கிறார் அன்பர்.

அவருடைய வருத்தம் நமக்கும் புரிகிறது. ஆனால் ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். அன்று அவரை நடுச்சாலையில் நிறுத்தியதே இவ்வகை இயந்திரம்தான். ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு டயர் கடையில் சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டதாகக் கடிதத்தின் நடுவே அவரே குறிப்பிடுகிறார். அங்கே காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை இறுக்கியிருப்பர்.

கணக்கைப் பார்ப்போம். சிறு கார்களுள் பெரும்பாலானவற்றின் சக்கர நட்டுக்கு 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு விசை போதும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். சில கையேடுகளில் கிலோ கணக்கில் அச்சிட்டிருப்பர். 10 கிலோ மீட்டர் என்றால் ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர். இப்போது 60 கிலோ எடையுள்ள ஒருவர் 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரின் முனையில் தம் முழு எடையையும் வைத்தால் கிடைக்கும் விசை சுமார் 147. முறையாக இறுக்கிய நட்டு அதற்குள் அவிழ்ந்துவிடும். பட்டறைத் துப்பாக்கியோ 400, 600 என்று எளிதாக எட்டக்கூடியது. கடைக்காரர் விசையை விரலிலிருந்து எடுக்காமல் நான்கு விநாடி கூடுதலாக அழுத்தினால் மனித எடைக்கு அடங்காத இறுக்கம் ஏறிவிடும். லாரி ஓட்டுநரிடம் இருந்தது மாயமன்று. ஒரு மீட்டர் குழாயின் முனையில் 30 கிலோ பலத்தோடு இழுத்தாலே 300 நியூட்டன் மீட்டர் வந்துவிடும்.

கடைக்காரரை மட்டும் குறை கூறுவதும் நியாயமாகாது. “நல்லா இறுக்கமாப் போடு தம்பி” என்று சொல்பவர்கள் நாம்தாமே! இறுக்கம் மிகுந்தால் பாதுகாப்பும் மிகும் என்று பலரும் எண்ணுகின்றனர். அளவுக்கு மேல் இறுக்கினால் நட்டைத் தாங்கும் போல்ட்டு நீண்டு பலமிழக்கும், புரி தேயும், பிரேக் வட்டு கோணி, பிரேக் அழுத்தும்போது நடுக்கம் காணும்.

ஆகவே அன்பர் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கலாம். ஆனால் அவிழ்ப்பதற்கு மட்டுமே. அக்கருவி வேலை செய்யும் முறையை அறிந்தால் ஏன் என்பது விளங்கும். அதனுள்ளே மோட்டார் ஒரு சிறு சுத்தியலைச் சுழற்றுகிறது. நட்டு தடுத்ததும் சுத்தியல் பின்வாங்கிப் பின்வாங்கி, நிமிடத்துக்கு ஈராயிரம், மூவாயிரம் முறை பக்கவாட்டில் அடிக்கிறது. துருப்பிடித்த நட்டு நெகிழ்வது அந்த அடியில்தான். அடியின் எதிர்விசை பெரும்பாலும் நம் மணிக்கட்டுக்கு வருவதில்லை. முதியவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் இறுக்கும்போது எத்தனை விசை ஏறியது என்று அது நமக்குச் சொல்வதில்லை. மின்கலத்தில் மீதமுள்ள மின்சாரம், புரியின் அழுக்கு, சாக்கெட்டின் நீளம் இவற்றுக்கேற்ப அது மாறிக்கொண்டே இருக்கும். விசைப் படிகளை ஒன்று, இரண்டு, மூன்று என மாற்றும் பொத்தான் இருந்தாலும் அது அளவுகோல் ஆகாது.

இறுக்குவதற்கு வேண்டியது டார்க் ரெஞ்ச். மின்சாரம் வேண்டாத கைக்கருவி அது. பிடியைத் திருகி வேண்டிய எண்ணை வைத்துக்கொண்டு இறுக்கினால், அவ்விசை வந்ததும் ‘டக்’ என்று ஒலிக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அரை அங்குலச் சதுர முனையும் 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரையிலான அளவும் உள்ள ஒன்று கார் சக்கரத்துக்குப் போதும். வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எண்ணுக்கு இறக்கி வைக்கவும். அதனால் நட்டை அவிழ்க்கக் கூடாது, அளவு கெடும். அன்பரின் பட்டியலில் இல்லாத இக்கருவியையே நாம் முதலாவதாகச் சேர்க்கிறோம்.

இரண்டாவதாக நாம் சேர்ப்பதும் மின்கருவி அன்று. வண்டிக்கு அடியில் வைக்கும் இரும்புத் தாங்கிகள் ஒரு சோடி. வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுத்து, ஜாக்கி சரிந்ததால் உயிரிழந்தவர்கள் உண்டு. ஜாக்கி தூக்கட்டும், தாங்கி தாங்கட்டும். எதிர்ப்புறச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும். மண் தரையானால், குறிப்பாக மழைக்குப் பின், தாங்கியின் கீழ் கனமான பலகை வைக்கவும். தாங்கி கனமான பொருள். அதைத் துபாயிலிருந்து சுமந்து வருவது வீண். உள்ளூரிலேயே கிடைக்கிறது.

இனி இயந்திரத்தைத் தேர்வது எப்படி? வீட்டுக்கு 300 முதல் 400 நியூட்டன் மீட்டர் வரை விசை தரும் இம்பாக்ட் ரெஞ்ச் தாராளம். ஆயிரத்துக்கு மேல் உள்ளவை லாரிப் பட்டறைக்கு உரியவை, எடையும் மிகுதி. இதைப் போலவே தோன்றும் இம்பாக்ட் டிரைவர் என்று ஒன்று உண்டு. அறுகோண முனையுள்ள அது திருகாணிகளுக்கு ஏற்றது; சக்கர நட்டுக்குப் பல வேளைகளில் போதாது. கடையில் மகன் இரண்டையும் மாற்றி எடுத்துவிடக் கூடாது. அரை அங்குலச் சதுர முனையைப் பார்த்து வாங்க வேண்டும்.

மின்கலத்தின் மேல் எழுதியிருக்கும் எண்கள் பலரை மயக்குகின்றன. 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் என்றும் விற்பவை பெரும்பாலும் ஒன்றே. உள்ளே 3.6 வோல்ட் கொண்ட ஐந்து லித்தியம் மின்கலங்கள் வரிசையாக இருக்கின்றன, பெருக்கினால் 18. முழுதும் மின்னேற்றிய கணத்தில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தாண்டுவதால் அதையே 20 என்றும் 21 என்றும் சிலர் எழுதுகின்றனர். மலிவான பெட்டிகள் சிலவற்றின் மேல் 48, 88 என்ற எண்களையும் காண்கிறோம். உள்ளே ஐந்தே மின்கலங்கள் இருந்தால் அவ்வெண்ணுக்குப் பொருளில்லை. வோல்ட்டைவிட ஆம்பியர்-மணியைக் கவனிக்க வேண்டும். 4 ஆம்பியர்-மணி உள்ளது நான்கு சக்கரங்களுக்கு வேண்டியதைவிட மிகுதி. கரித்துண்டு இல்லாத மோட்டார் என்றால் சிறிது விலை கூடினாலும் நன்று. சூடு குறைவு, மின்கலமும் நெடுநேரம் நிற்கும்.

ஒரு நிறுவனத்தின் மின்கலம் பெரும்பாலும் மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. எனவே கருவியைத் தேர்வதைவிட மின்கலக் குடும்பத்தைத் தேர்வதே முக்கியம். போஷ், மகிதா, டிவால்ட் போன்றவை அங்கும் இங்கும் விற்கின்றன. ஆயினும் அங்கே வாங்கியதற்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பதைப் பணம் கொடுக்குமுன் மகன் கேட்டறிய வேண்டும். ஆண்டுக்கு நான்கே முறை பயன்படுத்துவோருக்கு, கம்பியோடு கூடிய 230 வோல்ட் கருவியை உள்ளூரில் வாங்குவதே நல்லது என்பதும் நம் கருத்து. எடை கூடும், ஆனால் மின்கலம் சும்மா இருந்தே முதுமை அடைவது அதில் இல்லை. தாழ்வாரத்தில் பிளக்கு இருந்தால் வேறென்ன வேண்டும்? அப்படி வாங்குவோர் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் இருப்பது அவசியம்.

இயந்திரத்தோடு கறுப்பு நிறச் சாக்கெட்டுகளையே பயன்படுத்தவும். பளபளக்கும் வெள்ளி நிறச் சாக்கெட்டுகள் கைக்கருவிக்கு உரியவை. இம்பாக்ட் அடியில் வெடித்துச் சிதறலாம். சக்கர நட்டின் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும், 19 மி.மீ., 21 மி.மீ. என. வண்டியோடு வந்த ஸ்பானரை அளந்து பார்த்து மகனுக்கு எழுதவும்.

மற்ற நான்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றடிக்கும் கருவி மிகப் பயனுள்ளது, விலையும் குறைவு, வாங்கலாம். துளைக்கருவி வீட்டுக்கு உதவும், வண்டிக்கு அரிதாகவே வேண்டும். சுழலும் பாலிஷ் கருவி பழகாத கையில் ஓரங்களின் வண்ணப்பூச்சைத் தேய்த்து எரித்துவிடும். துணியும் பொறுமையும் போதும்.

கிரைண்டரை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிடுமாறு வேண்டுகிறோம். அதன் வட்டு நிமிடத்துக்குப் பதினோராயிரம் முறை சுழல்கிறது. பெரிய வட்டு நுழையவில்லை என்று காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வதை நம் ஊர்ப் பட்டறைகளில் அன்றாடம் காண்கிறோம். உடைந்த வட்டின் துண்டு முகத்தில் பாய்ந்தால் கண் மிஞ்சாது. அதன் தீப்பொறியோ பெட்ரோல் தொட்டிக்கும் குழாய்க்கும் பகை. வீட்டுக் காரில் கிரைண்டர் வேண்டிய வேலை வந்தால் பட்டறைக்குப் போவதே அறிவுடைமை. நீண்ட லுங்கியும் கழுத்தில் துண்டுமாக எந்தச் சுழலும் கருவியையும் தொடவேண்டாம் என்று அன்பரைக் கேட்டுக்கொள்கிறோம். காலுறையும் காலணியும், கண்ணாடியும், இம்பாக்ட் ரெஞ்சின் இரைச்சலுக்குக் காதில் அடைப்பானும் வேண்டும்.

மகன் பயணத்துக்குச் சில குறிப்புகள். கருவியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும், கைப்பையில் அனுமதிக்கமாட்டார்கள். கழற்றிய லித்தியம் மின்கலங்களோ கைப்பையில்தான் வரவேண்டும். முனைகளை ஒட்டுநாடாவால் மூடிவிட வேண்டும். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 100 வரை பொதுவாகத் தடையில்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90. 6 என்றால் 108. ஐந்தோடு நிறுத்துவது தொல்லையற்றது. துபாயின் சார்ஜர் இங்கும் வேலை செய்யும். பிளக்கின் முனைகள் மட்டும் செவ்வகமாக இருக்கும், மாற்றுப் பிளக்கு தேவைப்படும். இங்கு வந்தபின் மின்கலத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்கக் கூடாது.

மகன் வந்ததும் தந்தையும் மகனுமாக ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கவும். ஸ்டெப்னியைச் சக்கரமாக ஒருமுறை மாட்டிப் பழகுவதும் நன்று. ஒவ்வொரு சக்கரமாக இயந்திரத்தால் நட்டுகளை அவிழ்த்து, புரிகளைத் துணியால் துடைத்து, எண்ணெய் இடாமல், முதல் இரண்டு மூன்று சுற்றுகளை விரலாலேயே ஏற்றவும். பின் சக்கரம் தரையைத் தொட்டபின் எதிரெதிர் நட்டுகளாக டார்க் ரெஞ்சினால் கையேட்டின் அளவுக்கு இறுக்கவும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கவும். இனி டயர் கடைக்குப் போனாலும் வீடு திரும்பியதும் நட்டுகளை நெகிழ்த்தி இவ்வாறே இறுக்கிக்கொள்ளலாம். அன்று மாலையே, வண்டியோடு வந்த அந்தப் பழைய எல் ஸ்பானரை எடுத்து, அன்பரின் துணைவியாரையும் ஒரு நட்டை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லவும். அவர் கைக்கு அது அசைகிறதா என்பதை நமக்கு எழுதினால் மகிழ்வோம்.