அடியும் அரவணைப்பும்

"அடியாத மாடு படியாது" என்னும் பழமொழி வழங்காத வீடு நம் நாட்டில் அரிது. மாட்டுக்குச் சொன்னதை மகனுக்கும் பொருத்தலாமா என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

ஒரு செயலைத் தொடர்ந்து இனிய விளைவு கிட்டுமாயின் அச்செயல் மீண்டும் நிகழும். இதனையே உளநூலார் மீளவலியுறுத்தல் என்பர். அமெரிக்க அறிஞர் தோண்டைக் 1898ஆம் ஆண்டிற் பூனைகளைப் பெட்டியில் அடைத்து இவ்வுண்மையைக் கண்டார். தண்டனையும் இதே அளவு வலியதென முதலில் எண்ணிய அவர், 1930களில் அக்கருத்தைத் திருத்திக்கொண்டார். ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட ஆய்விலும், நெம்பை அழுத்தும்போது பாதத்தில் அடிபட்ட எலி சிறிது நேரமே அடங்கியிருந்தது. அடி நின்றபின் பழைய வழக்கத்துக்கே திரும்பியது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வடகீழ்ப் பருவக்காற்றில் கல்முனைக் கடல் கொந்தளிக்கும் காலம். சிறுவனொருவன் சொல்லாமற் கரைக்குச் சென்று, நனைந்த உடையுடன் திரும்புகிறான் என்று கொள்வோம். "எங்கே போனாய், மகன்?" என்று உம்மா கேட்கிறார். உண்மையைச் சொல்கிறான், அடி விழுகிறது. கடலுக்குப் போனது ஒரு மணி நேரத்துக்கு முன். உண்மை சொன்னதோ இப்பொழுது. ஆகவே அவன் அஞ்சக் கற்பது கடலையன்று, உண்மை சொல்வதையே. அடுத்த முறை உடையைக் காயவைத்துக்கொண்டு வருவான். தோழன் அலையில் அகப்பட்டாற்கூட வீட்டில் வாய் திறக்க அஞ்சுவான். பிள்ளையைக் காக்க ஓங்கிய கையே ஆபத்துக்கு வழி செய்துவிடுகிறது.

இனிய விளைவும் சிலவேளை தீமையை வளர்க்கும். பெருநாட் கூட்டத்திற் குழந்தை விளையாட்டுப் பொருளுக்காக அழுகிறது. மூன்று முறை மறுத்த வாப்பா, சனங்கள் பார்க்கிறார்களே என்று நான்காம் முறை வாங்கிக் கொடுக்கிறார். விடாது அழுதாற் கிடைக்கும் என்பதே குழந்தை கற்ற பாடம்.

பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும் பணித்தது. ஆயினும் 2017இல் தென்மாகாணத்து ஆசிரியரொருவரின் அறையால் மாணவனொருவனின் செவிப்புலன் பழுதுற்றது. அது அடிப்படை உரிமை மீறலென 2021 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் வழங்கப் பணித்தது. அத்தொகை இழந்த செவியை மீட்டுத் தராது.

அங்ஙனமாயிற் கண்டிக்கவே கூடாதோ என வினவலாம். கண்டிப்பு வேண்டும், அதற்குக் கை ஓங்க வேண்டியதில்லை. விதியை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மீறினால் விளைவு சிறியதாயினும் தவறாமல் நிகழட்டும்: கேளாமற் கடலுக்குப் போனவனுக்கு மறுநாள் வெளியே விளையாட்டு இல்லை. அவ்வளவே போதும். உண்மையை ஒப்புக்கொண்டதை மட்டும் அதே வேளையிற் பாராட்டுங்கள். கேட்டுவிட்டுப் போன நாளில், "கேட்டுப் போனாயே, நல்லது" என்று அப்பொழுதே கூறுங்கள். மறுநாள் கூறும் புகழுரைக்கு அத்துணை வலிமை இல்லை. பழக்கம் வேரூன்றும்வரை ஒவ்வொரு முறையும், பின்னர் இடையிடையேயும் பாராட்டினாற் போதும்.

பெற்றோரே, குற்றத்தைக் காண நம் கண்கள் விரைகின்றன. பிள்ளை ஒழுங்காக நடந்துகொள்ளும் வேளையோ நம் கவனத்தில் விழுவதில்லை. இவ்வாரம் அதனைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள்.